தமிழில் மருத்துவம் பயிற்றிய சாமுவேல் கிறீன்

தோற்றுவாய்

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இருமருங்கும் மலைகள் நெருங்கி நிற்க, அவற்றினூடே வழி திறக்கும் கணவாயின்கண் அமைந்துள்ளது எம்மூராகிய தொப்பூர். மலையிறக்கத்தில் லாரிகள் கட்டுக்கடங்காது ஓடி மோதுதல் அடிக்கடி நிகழ்வதால், செய்தித்தாள்களில் எம்மூரின் பெயர் பெரும்பாலும் விபத்து என்னும் சொல்லோடு சேர்ந்தே காணப்படும். யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்குக் காரணமாய் அமைந்ததும் ஒரு விபத்தே. எனினும் அது சாலையில் நிகழ்ந்ததன்று. ஒரு வீட்டின் திண்ணையில் நிகழ்ந்தது.

எமது தெருவில் மூதாட்டி ஒருவர் வாழ்ந்து வருகின்றார். சிறுவயது முதல் அவரை யாம் ஆயா என்றே அழைத்து வருகின்றோம். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உடைய அவர், வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மருந்து எழுதி வாங்கிக் காகித உறைகளில் மாத்திரைகளைக் கொணர்ந்தார். எதனை எவ்வேளையில் உட்கொள்ளல் வேண்டும் என்பது உறையின்மீதும் சீட்டின்மீதும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆயா எழுத்தறியாதவர் அல்லர். பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகையையும் திருமண அழைப்பிதழையும் எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லவர். ஆயினும் அச்சீட்டு அவரோடு ஒன்றும் பேசவில்லை. மாத்திரையின் நிறத்தை நினைவிற்கொண்டே உட்கொண்டு வந்தார். ஒரு திங்களில் நிறம் மாறிய மாத்திரை வந்து சேர்ந்தது. ஒன்றை மற்றொன்றென மயங்கிச் சர்க்கரை நோய்க்குரியதை இருமடங்காக விழுங்கிவிட்டு, வியர்த்து நடுங்கித் திண்ணையிற் சாய்ந்தார். அண்டை வீட்டார் விரைந்து சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தமையால் உயிர் பிழைத்தார்.

விடுமுறைக்குச் சென்றிருந்த யாம், அவ்வுறைகளின்மேல் காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று பெரிய எழுத்துக்களால் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அதன்பின் பிழை நேர்ந்ததில்லை. அன்று ஆயா எம்மை நோக்கி, இவ்வளவு படித்தவர்கள் இதனை முதலிலேயே தமிழில் எழுதித் தரலாகாதா என்று கேட்டார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று வரும் எமக்கு அவ்வினா நெஞ்சில் தைத்தது. மருந்தும் மருத்துவமும் தமிழ் பேசுமா என்று ஆராய்ந்து செல்கையிலேயே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்குத் தம் வாழ்க்கையால் விடை கூறிச் சென்ற ஒருவரை யாம் அறிந்தோம். அவர் தமிழரல்லர், தமிழ்நாட்டிற் பிறந்தவருமல்லர். அமெரிக்காவிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே அவர்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மாசச்சூசெட்ஸில் வூஸ்டர் என்றோர் ஊர் உண்டு. அதன்கண் கிறீன் ஹில் என வழங்கிய குடும்ப நிலத்தில், 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் கிறீன் பிறந்தார். உடன்பிறந்தார் பலரைக் கொண்ட பெருங்குடும்பம் அது. அன்னையை அவர் இளமையிலேயே இழந்தார். அவர்தம் தமையனாராகிய ஆண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயார்க்கு மாநகரின் நடுப்பூங்கா உருவாவதற்கும், சிதறிக் கிடந்த பகுதிகள் ஒன்றாகி அம்மாநகரம் பெருநகராவதற்கும் உழைத்துப் பெரும்புகழ் பெற்றவர். தமையனார் உலகின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றைக் கட்டியெழுப்புதற்கு உழைத்தார். தம்பியோ பனைமரங்கள் சூழ்ந்த சிற்றூரொன்றைத் தமக்குரிய இடமாகத் தெரிந்துகொண்டார்.

கிறீன் நியூயார்க்கில் மருத்துவக் கல்வி பயின்று 1845ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். மருத்துவக் கலை விரைந்து மாறத் தொடங்கிய காலம் அது. 1846ஆம் ஆண்டில் அவர் பிறந்த மாசச்சூசெட்ஸிலேயே, பாஸ்டன் நகரில், ஈத்தர் என்னும் மருந்தை மோந்த நோயாளி வலியறியாது கிடக்க, மருத்துவர் அறுவை செய்து காட்டினர். இத்தகைய காலத்தில் நியூயார்க்கிற் கற்றுத் தேர்ந்த இளைஞர் ஒருவர்க்குப் பொருளும் புகழும் அரியனவாக இருந்திரா. அவரோ 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சங்கத்தின் சார்பில் கப்பலேறி, அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

யாழ்ப்பாணத்தின் நிலை

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கியது 1816ஆம் ஆண்டிலாகும். அவர்களுள் முதன்முதல் மருத்துவராக வந்தவர் ஜான் ஸ்கடர் என்பவர். அவர் பண்டத்தரிப்பில் இருந்து நோயாளரைப் பேணிப் பின்னர்ச் சென்னை சென்றார். வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார் அவர்தம் பெயர்த்தியே. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் மிஷனார் அமைத்த செமினரி, உயர்ந்த கல்வியை ஆங்கில வாயிலாகவும் தமிழ் வாயிலாகவும் அளித்து வந்தது. தொல்காப்பியவுரையும் கலித்தொகையும் அச்சேறுமாறு உழைத்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அங்குப் பயின்றவர் என்பதைத் தமிழ் மாணவராகிய யாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848ஆம் ஆண்டில் மானிப்பாயைத் தமக்கு இருப்பிடமாக்கிக் கொண்டார். அங்கு நோயாளர் நாடோறும் வந்தனர். புண்ணும் காய்ச்சலும் கண்ணோயும் உடையவர், மகப்பேற்றில் இடருற்றோர், பனையிலிருந்து வீழ்ந்து எலும்பு முறிந்தோர் என வருவோரின் துன்பங்கள் பலதிறப்பட்டன. இவற்றுக்கு மேலாக வாந்திபேதி அவ்வப்போது பெருநோயாய்ப் பரவி ஊர்களைக் கலக்கியது. மருத்துவர் ஒருவர் பகலும் இரவும் உழைப்பினும் குடாநாட்டின் நோயை அவர் ஒருவரே தீர்த்தல் இயலுமோ? இயலாதென்பதைக் கிறீன் வந்த சில திங்களிலேயே உணர்ந்தார்.

இவ்விடத்திற்றான் அவர்தம் வாழ்க்கை ஏனைய பல தொண்டர்களின் வாழ்க்கையினின்றும் வேறுபடத் தொடங்குகின்றது. மருந்து கொடுத்தல் ஒருவகை உதவி. மருந்து கொடுக்க வல்லாரை அந்நாட்டு மக்களிலிருந்தே உண்டாக்குதல் மற்றொரு வகை உதவி. முன்னது கொடுப்போன் உள்ளவரை நிற்கும். பின்னது அவன் சென்றபின்னும் நிற்கும். ஆகவே அவர் 1848ஆம் ஆண்டிலேயே சில தமிழ் இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் மேனாட்டு மருத்துவக் கல்வி இங்ஙனமே தோன்றியது. கொழும்பில் அரசாங்கத்தார் மருத்துவப் பள்ளி நிறுவியது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1870ஆம் ஆண்டில்தான் என்பதை நோக்குக.

ஆங்கில வகுப்பிற் கண்ட குறை

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதனை வியத்தற்கில்லை, நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, மாணாக்கரும் ஆங்கிலம் கற்றவரே. அவர்கள் திறமையாகப் படித்துத் தேறினர். ஆனாற் படித்து முடித்தபின் நடந்தது யாது? ஆங்கிலமும் மருத்துவமும் ஒருங்கே கற்ற இளைஞரை அரசாங்க உத்தியோகம் கைநீட்டி அழைத்தது. பிற நகரங்களில் நல்ல ஊதியம் காத்திருந்தது. அவர்கள் சென்றனர். அவரைக் குறை கூறுதற்கில்லை. தம் குடும்பத்தைக் காக்க விரும்புதல் குற்றமன்று. எனினும் எந்தச் சிற்றூர் மக்களுக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ அச்சிற்றூர் பழையபடியே மருத்துவரின்றி நின்றது.

இக்குறை கிறீன் ஒருவரே கண்டதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றோருட் பலரும் உத்தியோகம் நாடிச் சென்றமையை நோக்கிய மிஷனார், தாய்மொழிக் கல்வியே தக்கதெனக் கருதி 1855ஆம் ஆண்டில் அச்செமினரியையே மூடிவிட்டனர். மூடிய செயல் தகுமோ தகாதோ என்பது வேறு வழக்கு. யாழ்ப்பாணத்தார் பலர் அதற்கு வருந்தினர். கிறீனோ தம் பள்ளியை மூட விரும்பவில்லை; அதன் மொழியை மாற்ற விரும்பினார்.

ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்தபின் அவர் தாய்நாடு சென்றார். 1862ஆம் ஆண்டில் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அவரோடு அவ்வாண்டே யாழ்ப்பாணம் மீண்டார். 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவ வகுப்பு முற்றும் தமிழிலேயே நடைபெறலாயிற்று. ஆங்கிலத்திற் பிறந்து வளர்ந்த ஒருவர், தமக்கு எளிதாகிய மொழியை விடுத்துத் தமக்கு அரிதாகிய மொழியில், உடலின் எலும்பையும் நரம்பையும் குருதியோட்டத்தையும் விளக்கத் துணிந்தார். கற்பிப்பவர் தம் சுமையைக் கூட்டிக்கொண்டால் கற்பவரின் சுமை குறையும் என்பதே அவர் கொண்ட கணக்கு.

மாணாக்கர் தம் உடையையும் உணவையும் வாழ்க்கை முறையையும் மேனாட்டார்போல் மாற்றிக்கொள்ளுதலையும் அவர் விரும்பவில்லை. தம் ஊரில் தம்மவரோடு தம்மவராகவே வாழ்பவனே அவ்வூர்க்கு மருத்துவனாவான் என்பது அவர்தம் துணிபு.

நூலாக்கம்

தமிழிற் கற்பித்தல் வேண்டுமாயின் தமிழில் நூல் வேண்டும். கிறீன் இதனை முன்பே உணர்ந்து 1850ஐ அடுத்த ஆண்டுகளிலேயே நூலாக்கத்தில் இறங்கியிருந்தார். மேனாட்டுக் கல்லூரிகளில் அந்நாளிற் பாடமாயிருந்த நூல்களையே அவர் தெரிந்தெடுத்தார். மகப்பேற்று மருத்துவத்தைப் பற்றிய பிரசவ வைத்தியம் 1857ஆம் ஆண்டிலும், அறுவை மருத்துவத்தைப் பற்றிய இரண வைத்தியம் 1867ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1872ஆம் ஆண்டில், இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் கையிலுள்ள கிரே என்பாரின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரால் தமிழாகியது. அந்நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் தோன்றியது 1858ஆம் ஆண்டில் என்பதை எண்ணிப் பார்க்குமிடத்து, பதினான்கே ஆண்டுகளில் அது மானிப்பாய் மாணாக்கர் கைக்குத் தமிழில் வந்தமை வியப்பளிக்கின்றது. வைத்தியாகரம் என்னும் பெருநூலும் அவ்வாண்டினதே. வேதியியல் நூலாகிய கெமிஸ்தம் 1875ஆம் ஆண்டிலும், உடலியங்கியல் நூலாகிய மனுஷ சுகரணம் 1883ஆம் ஆண்டிலும் அச்சேறின. இவ்வாறு அவர் மேற்பார்வையில் உருவான பக்கங்கள் நாலாயிரத்திற்கும் மேற்படும்.

இவற்றை எல்லாம் கிறீன் தனித்திருந்து செய்தார் எனின் அது உண்மையன்று. அவரிடம் பயின்று மருத்துவராகிய தமிழரே அவருக்குத் துணைவராயினர். தன்போர்த்து, சாப்மன், பவுல் முதலிய பெயர்களைக் காண்போர் அவர்களை மேனாட்டார் என மயங்குவர். அவர்கள் மிஷன் வழக்கப்படி அப்பெயர்களைப் பெற்ற யாழ்ப்பாணத் தமிழரே ஆவர். மாணாக்கர் மொழிபெயர்ப்பர், ஆசிரியர் ஒப்புநோக்கித் திருத்துவர். நூலின் பெருமை இருசாரார்க்கும் உரியது.

கற்றோர்க்கு நூல் செய்ததோடு அவர் நிற்கவில்லை. வாந்திபேதி முதலிய நோய்களைப் பற்றியும் உடல்நலம் பேணுதலைப் பற்றியும் பொதுமக்கள் படித்தறியுமாறு சிறு பிரசுரங்களையும் தமிழில் வெளியிட்டார். ஆயாவின் காகித உறைமீது யாம் எழுதிய நான்கு சொற்களுக்கும் அச்சிறு பிரசுரங்களுக்கும் இனம் ஒன்றே எனக் கூறின் அது மிகையாகாது.

சொல்லாக்கம்

தமிழ் பயில்வோர் சிறப்பாகக் கவனித்தற்குரியது கிறீன் சொற்களை ஆக்கிய முறையாகும். மேனாட்டுக் கலைச்சொல் ஒன்று எதிர்ப்படின், அதற்குரிய சொல் தமிழில் வழங்குகின்றதா என முதலில் நோக்குவர். இன்றேல் வடமொழியிற் காண்பர். அங்கும் பொருந்துவது இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தால் தமிழோசைக்கு இயைய எழுதிக்கொள்வர். இம்மூன்றாம் முறையாற் பிறந்ததே கெமிஸ்தம் என்னும் பெயர். இங்ஙனம் தொகுத்த சொற்களைத் துறைவாரியாக அட்டவணைகளாக்கி அச்சிட்டு, பின்வருவோர்க்கு வழி காட்டினார்.

அச்சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதத்தை இன்று உடற்கூற்றியல் என்கின்றோம், சுகரணத்தை உடலியங்கியல் என்கின்றோம், கெமிஸ்தம் வேதியியலாகிவிட்டது. ஆதலின் அவர் முயற்சி வீண் என்று சொல்லுதல் பொருந்துமோ? பழைய பாலம் இடிந்து புதிய பாலம் எழுந்தவிடத்தும், ஆற்றைக் கடக்கலாகும் என்று முதலிற் காட்டியது பழைய பாலமே. சொற்கள் மறைந்தன, தமிழால் இயலும் என்னும் துணிவு மறையவில்லை.

எம்மூர் அடங்கிய தருமபுரிப் பகுதி 1965ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அச்சேலத்தில் 1916ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்களும் வேங்கடசுப்பையர் அவர்களும் தமிழிற் கலைச்சொல் ஆக்குதற்கென ஒரு சங்கம் கண்டு, அதற்கென ஓர் இதழும் நடத்தினர். மானிப்பாயில் அமெரிக்கர் ஒருவர் தொடங்கிய பணியை எம் மாவட்டத்துப் பெரியோர் தம் வழியில் மேற்கொண்டமை எமக்குப் பெருமையளிக்கின்றது.

இறுதி நாட்கள்

1873ஆம் ஆண்டில், உடல்நலம் குன்றிய கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் சென்றார். இருமுறையும் சேர்த்து அவர் தமிழர் நடுவே வாழ்ந்தது இருபது ஆண்டுகளுக்கு மேல். அக்காலத்தில் அவரிடம் மருத்துவம் கற்றோர் அறுபதின்மர்க்கும் மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர். தமிழிற் கற்றோர் குடாநாட்டின் ஊர்களிலே தங்கித் தொழில் புரிந்து, கிறீனின் கருத்து பிழையன்று என்று காட்டினர்.

தாயகம் சென்றபின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. வூஸ்டரின் பனி படிந்த இல்லத்திலிருந்தவாறே தமிழ் நூல்களைத் திருத்தி வந்தார். மேலே கூறிய கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் யாழ்ப்பாணத்தை நீங்கியபின் வெளிவந்தவையே. தம்மைச் சுற்றியிருந்தோர் ஒருவரும் அறியாத மொழியிலே ஒருவர் பத்தாண்டு உழைத்தார் என்பதை நினைக்கும்போது, தமிழகத்தின் நடுவிலிருந்தும் தமிழில் ஒரு சீட்டெழுதத் தயங்கும் நம் நிலை நாணத் தருகின்றது.

1884ஆம் ஆண்டு மேத் திங்கள் 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தம் கல்லறைக்கல் எளியதாய் இருத்தல் வேண்டும் என்றும், தாம் தமிழர்க்கு மருத்துவத் தொண்டராய் இருந்தமையே அதில் பொறிக்கப்படல் வேண்டும் என்றும் அவர் முன்னரே கூறியிருந்தார். பிற சிறப்பொன்றையும் அவர் வேண்டவில்லை. அவர் பிறந்த நிலம் இன்று வூஸ்டர் நகரத்தாரின் பொதுப் பூங்காவாக விளங்குகின்றது. மானிப்பாயில் அவர் நினைவாகப் பெயர் பெற்ற கிறீன் மருத்துவமனை நிற்கின்றது.

வெற்றியும் தோல்வியும்

பெரியோர் வரலாறு எழுதுவோர் புகழை மட்டும் எழுதி முடித்தல் வழக்கம். அது கற்போர்க்குப் பெரும்பயன் தாராது. கிறீனின் பணியிலும் குறைகள் இருந்தன. அவர் சமயம் பரப்பும் நோக்கோடு வந்தவர். அவர்தம் மருத்துவத்தை அந்நோக்கத்தினின்றும் பிரித்தல் இயலாது. எம் சமயம் அவர் சமயமே ஆயினும், அந்நாளில் சைவ மக்களுக்கும் மிஷனார்க்கும் இடையே கடும் வாதங்கள் நிகழ்ந்தன என்பதை யாம் மறைத்தற்கில்லை. நாட்டு வைத்தியத்தின் நலங்களையும் அவர் முழுதும் உணர்ந்தவர் என்று சொல்லுதல் அரிது.

மற்றொரு குறை அவராலும் மாற்ற முடியாதது. அவர் சென்றபின் அத்தமிழ் மருத்துவப் பள்ளி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்புப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்கம் மதித்ததும் அதனையே. நூல்களைப் புதுப்பித்து அச்சிடுவோரும் அருகினர். மருத்துவ அறிவோ நாளுக்கு நாள் வளர்வது. புதுப்பிக்கப்படாத மருத்துவ நூல் சில ஆண்டுகளிலேயே பழம்பொருளாகிவிடும்.

இஃது யாழ்ப்பாணத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. சீன தேசத்திற் காண்டன் நகரில் இருந்த ஆங்கில மருத்துவர் ஹாப்சன் என்பார், 1851ஆம் ஆண்டில் உடற்கூற்று நூலொன்றைச் சீன மொழியில் வெளியிட்டார். பெய்ரூட் நகரில் வான் டைக்கு என்னும் அமெரிக்கர் அரபு மொழியில் அறிவியல் நூல்கள் எழுதினார். அங்கு 1866ஆம் ஆண்டில் தோன்றிய கல்லூரி மருத்துவத்தை அரபியிலேயே கற்பித்துப் பின்னர் 1880ஐ அடுத்த ஆண்டுகளில் ஆங்கிலத்திற்கு மாறியது. மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். கடல் கடந்து சென்றோர் சிலர் தத்தம் இடங்களில் ஒரே உண்மையைக் கண்டனர். ஆனால் கொடையால் தொடங்கிய பணியைக் கொடை மட்டும் நிலைநிறுத்தாது. பெற்ற மக்கள் அதனைத் தமதெனக் கொண்டு, தம் கல்லூரியாலும் தம் அரசாலும் தம் கைப்பொருளாலும் பேணினாலன்றி அது நில்லாது. கிறீனின் பள்ளி நின்றுபோனமைக்குக் கிறீன் மட்டும் காரணரல்லர். அதனை ஏற்று நடத்தாத தமிழுலகமும் காரணமே.

இன்றும் வாழும் கருத்து

கிறீன் கொண்ட கொள்கையின் பாதி, அஃதாவது ஊர் மக்களையே ஊருக்கு மருத்துவத் துணைவராக்குதல், இன்று உலகெங்கும் போற்றப்படுகின்றது. அதனைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. எம் தருமபுரி மாவட்டத்திலேயே, மலைகள் சூழ்ந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993ஆம் ஆண்டு முதல் பழங்குடி மக்களுக்கென ஒரு தொண்டு நிறுவனம் மருத்துவப் பணி செய்து வருகின்றது. மருத்துவர் இருவர் சிறு குடிசையிலே தொடங்கிய அப்பணி இன்று மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. அம்மலையூர்ப் பெண்களையே அவர்கள் செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றினர். நோயாளியும் செவிலியும் ஒரே ஊர், ஒரே பேச்சு. அங்கு மாத்திரையின் வேளையை நோயாளிக்கு விளக்க மொழிபெயர்ப்பார் வேண்டுவதில்லை.

மறுபாதி இன்னும் நிறைவேறாது கிடக்கின்றது. மருத்துவக் கல்லூரிகளிற் பாடமொழி இன்றும் ஆங்கிலமே. அதனை ஒரே நாளில் மாற்றுதல் வேண்டும் என யாம் வாதிட வரவில்லை. உலகத்து ஆராய்ச்சி அம்மொழியில் நடைபெறுவதை அறிவோம். ஆனால் மருத்துவர் எம்மொழியிற் கற்பினும் நோயாளியிடம் பேசவேண்டிய மொழி ஒன்று உண்டு. மருந்துறையின்மேல் நான்கு தமிழ்ச் சொற்கள் எழுதுதற்கு எந்த ஆராய்ச்சியும் தடையன்று. அதற்கு வேண்டுவது கிறீனிடம் இருந்த ஒன்றே: எதிரே நிற்பவன் விளங்கிக்கொண்டானா என்று கவலுதல்.

முடிவுரை

எம் கல்லூரியும் கிறீனை அனுப்பியது போன்ற மிஷன் தொண்டின் கனிகளுள் ஒன்று. தம் ஊரையும் உற்றாரையும் காணாத எத்தனையோ பேர் அளித்த சிறு காணிக்கைகளால் இதன் சுவர்கள் எழுந்தன. அந்நன்றியைச் செலுத்தும் வழி, பெற்றதைப் பிறர்க்கு விளங்கும் மொழியிற் கொடுத்தலே. அறிவியல் பயிலும் நண்பர்கள் தாம் கற்றதைத் தமிழில் எழுதுவாராக. தமிழ் பயிலும் யாம் அவர்க்குச் சொல்லும் நடையும் உதவுவோமாக. கிறீன் மொழிபெயர்ப்பைத் திருத்துகையில் அவருடன் தமிழ் மாணாக்கர் அமர்ந்திருந்தனர் அன்றோ? அவ்விருக்கைகள் இன்னும் நிரம்பவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிக்குமுன் ஒருமுறை தொப்பூர் சென்றிருந்தோம். ஆயாவின் மருந்துறைகள் மாறியிருந்தன. யாம் எழுதிக் கொடுத்தவை கிழிந்து போயினவாம். புதிய உறைகளிலும் தமிழெழுத்துக்கள் காணப்பட்டன. கையெழுத்து எம்முடையதன்று. அண்டை வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுதித் தருகின்றாள் என்றும், மாதந்தோறும் தெருவிலுள்ள வேறு மூவருக்கும் அவளே எழுதுகின்றாள் என்றும் ஆயா கூறினார். எழுத்துக்கள் சற்றுக் கோணலாக இருந்தன. பொருள் தெளிவாக இருந்தது.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர், தொப்பூர்